30 வயதில் ஓய்வு பெற்ற பாபி ஓரை ஐஸ் ஹாக்கியின் உச்ச வீரர்களில் ஒருவராக ஏன் சொல்கிறார்கள்?

அவர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதில்தான் விடை இருக்கிறது. அன்றைய தடுப்பாட்டக்காரர்கள் பெரும்பாலும் தம் கோல் பகுதியைக் காப்பதோடு நின்றுவிடுவார்கள். 1966இல், 18 வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்த பாபி ஓர், ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டைத் தாமே எடுத்துக்கொண்டு எதிரணியின் கோல்வரை சறுக்கிச் சென்றார். அதிகப் புள்ளிகளுக்கான (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) ஆர்ட் ராஸ் விருதை இரண்டு முறை வென்றார். வேறு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது ஒருமுறைகூடக் கிட்டியதில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதோ தொடர்ந்து 8 ஆண்டுகள் அவர் வீட்டுக்கே போனது!

1970 இறுதிச் சுற்றின் கூடுதல் நேரத்தில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றுதந்த கோலை அடித்துவிட்டு அவர் காற்றில் பறக்கும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1972இலும் கோப்பை பாஸ்டனுக்கே வந்தது.

ஆனால் இடது முழங்கால் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாகச் சிதைந்தது. 1976இல் சிகாகோவுக்கு மாறியபின் 26 ஆட்டங்களே ஆட முடிந்தது. பாஸ்டன் அணி ஓருக்கு அணியின் உரிமையில் பங்கு தர முன்வந்ததைக்கூட, அவர் அண்ணனைப்போல் நம்பிய முகவர் ஆலன் ஈகிள்சன் அவரிடம் மறைத்துவிட்டார். வேறு மோசடிகளுக்காக ஈகிள்சன் 1998இல் சிறை சென்றார். எனக்கு முழங்காலைவிட இதுதான் கொடுமையாகப் படுகிறது.

1978இல் ஓய்வு. வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, மறு ஆண்டே ஹாக்கிப் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.