ஸ்டட் எழுபது ரூபா, கழட்ட ஒம்பதாயிரமா?

வாங்குறவங்க கேள்வி, நம்ம பதில். இந்த வாட்டி வந்த கடிதத்துல பாதிக்கு மேல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட் பத்தித்தான் (மேனிஃபோல்ட்னா இஞ்சின் புகைய வாங்கி வெளிய அனுப்புற குழாய், ஸ்டட்னா அதை இஞ்சினோட புடிச்சு வைக்கிற மரை போட்ட கம்பி), அதனால மிக்ஸி, மெத்தை கேஸெல்லாம் அடுத்த வாட்டி. கடிதங்கள வெட்டித்தான் போட்டிருக்கேன், கோபப்படாதீங்க.

மார்த்தாண்டம் வாசகர்: அண்ணாச்சி, என் டீசல் காருல மேனிஃபோல்ட் ஸ்டட் ரெண்டு முறிஞ்சு போச்சு. கடையில ஸ்டட் ஒண்ணு 70 ரூபா. மெக்கானிக் கூலி மட்டும் 9,000 கேக்குதாரு. பகல் கொள்ளைதானே?

கொள்ளை இல்ல தம்பி. நீங்க ஸ்டட்டுக்கு பைசா குடுக்கல, முறிஞ்சு உள்ள கிடக்குற துண்ட வெளிய எடுக்கதுக்கு குடுக்கீங்க. எந்த ஸ்டட்டுன்னு நீங்க எழுதல, ஆனா ஓரத்துல உள்ளதாத்தான் இருக்கும், அதுதான் முதல்ல போகும். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. அரை மீட்டர் நீளம்னு வச்சுக்கிட்டா, 500 டிகிரி சூடு ஏறும்போது அது கிட்டத்தட்ட ரெண்டரை மில்லி நீளும். அது புடிச்சிருக்க ஹெட், அதாவது இஞ்சினோட மேல்மூடி, அலுமினியம், அதுக்குள்ள தண்ணி ஓடுறதால 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும், ஒரு மில்லி கூட நீளாது. மிச்ச இழுப்பெல்லாம் ஓரத்து ஸ்டட் மேலதான் விழும். தினமும் சூடாகி தினமும் ஆறி, வருஷக்கணக்கா வளைஞ்சு வளைஞ்சு ஒரு நாள் டக்குனு போயிரும்.

இப்ப வேலைய பாருங்க. துண்டு வெளிய கொஞ்சம் நீட்டிட்டு இருந்தா உங்களுக்கு யோகம். துருவுக்கு எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அதுமேல ஒரு நட்ட வச்சு நட்டுக்குள்ள வெல்டிங் அடிப்பாங்க. ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம், அதனால வெல்டிங் ஹெட்ல புடிக்காது, அந்த சூட்டுல துருவும் விட்டுக்குடுக்கும். அப்புறம் ஸ்பேனர் போட்டு ஒரு கால் சுத்து முன்னால, ஒரு கால் சுத்து பின்னால, பைய பைய. நல்ல கை உள்ள ஆளா இருந்தா முழுசா வந்துரும். ஆனா ஹெட்டு மட்டத்துக்கோ அதுக்கு உள்ளயோ முறிஞ்சிருந்தா நடு மையத்துல ட்ரில் போடணும், அங்க ட்ரில் மெஷின் நுழைய இடம் கிடையாது, அப்ப ஹெட்டயே இறக்க வேண்டி வரும். 9,000ங்கிறது ஹெட்ட இறக்கியா இறக்காமலா, அதை முதல்ல கேளுங்க. இறக்காமன்னா பேரம் பேசலாம். இறக்கித்தான்னா, ஹெட் கேஸ்கட்டும் (ஹெட்டுக்கு அடியில வைக்கிற அடைப்புத் தகடு) அந்த 9,000க்குள்ளயான்னு கேட்டுட்டு வாய மூடிட்டு குடுத்துருங்க.

இன்னொண்ணு, ரெண்டு முறிஞ்சிருந்தா ரெண்ட மட்டும் மாத்தாதீங்க. மத்ததும் அதே வயசுதான். எல்லா ஸ்டட்டு, புது நட்டு, புது கேஸ்கட், மொத்தமா சாமான் ஆயிரம் ஆயிரத்தைநூறுக்குள்ள நிக்கும். திரும்ப கழட்டுற கூலிய நெனச்சா இது ஒண்ணுமே இல்ல.

தக்கலை: ஹார்ட்வேர் கடையில நீள மரைக்கம்பி கிட்டும்லா, அதை அறுத்து போட்டா போதாதா?

போதும், அடுத்த ஓணம் வரைக்கும்.

குளச்சல், ஒரு அம்மா: காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்குனு சத்தம், வண்டி சூடானா நின்னுருது. மெக்கானிக் "ஓடட்டும் அக்கா, ஒண்ணும் ஆகாது"ங்குறாரு. பிள்ளைகள ஸ்கூலுக்கு இதுலதான் கொண்டு விடுறேன்.

ஓடட்டும்னு சொன்னவரு வண்டிக்குள்ள உக்காரப்போறது இல்ல. சூடானா சத்தம் நிக்குதுன்னா சரியாயிருச்சுன்னு இல்ல, இரும்பு விரிஞ்சு இடுக்க அடைக்குது, அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியா வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு உண்டு, அதுக்கு வாசனையே கிடையாது. இஞ்சின் பக்கம் வடியுறது ரப்பர் அடைப்பு வழியாவும் காத்துக்குழாய் வழியாவும் உள்ள வரும். பானட்ட தொறந்து, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருற இடத்துல விளக்குக்கரி மாதிரி கருப்பு படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. படிஞ்சிருந்தா இந்த வாரமே குடுத்துருங்க. உங்க ஊரு உப்புக்காத்துக்கு நட்டோட ஆறு மூலையும் அரிச்சு உருண்டையாயிரும், தள்ளிப்போட தள்ளிப்போட கழட்டுக்கூலிதான் கூடும். அதுவரைக்கும் பிள்ளைகள ஆட்டோவுல விடுங்க.

ஆரல்வாய்மொழி: போன வாரம் போட்ட பில்லுல ஸ்டட், கேஸ்கட் எல்லாத்துக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி.

2025 செப்டம்பர் 22ல இருந்து வண்டி பார்ட்ஸுக்கு 18தான். பில்லோட போய் மிச்சத்த திருப்பி கேளுங்க.

கருங்கல்: பழைய காரு ஒண்ணு ஒரு தனி ஆளுகிட்ட வாங்கினேன். பாக்கப் போனப்ப இஞ்சின் ஏற்கனவே சூடா இருந்துச்சு, சத்தமே இல்ல. வீட்டுக்கு கொண்டு வந்து மறுநாள் காலையில டிக் டிக். மூணு ஸ்டட் இல்லவே இல்ல. "இருக்குற நிலைமையில வாங்கிக்கிட்டேன்"னு கையெழுத்து போட்டிருக்கேன். ஏதாவது செய்ய முடியுமா?

கையெழுத்து போடுறதுக்கு முந்தி எழுதியிருந்தா செஞ்சிருக்கலாம். பழைய வண்டி பாக்கப் போனா காலையில முதல் ஸ்டார்ட்டுக்கே போய் நிக்கணும், பானட் மேல கைய வச்சு பாக்கணும், சூடா இருந்தா "ஆறட்டும், சாயங்காலம் வாறேன்"னு சொல்லணும். இது எத்தனை வாட்டி எழுதியாச்சு? வித்தவரு வியாபாரியா இருந்தா நுகர்வோர் ஆணையத்துக்கு போக வழி உண்டு, தன் சொந்த வண்டிய வித்த ஆளு மேல அங்க போக முடியாது. எல்லா ஸ்டட்டையும் புதுசா போட்டுட்டு ஓட்டுங்க.

திங்கள்சந்தை: சொந்தமா மினி லாரி ஓட்டுறேன். ஒரு ஸ்டட் மாத்த விட்ட இடத்துல, எடுக்கப் போன பையன் ஈஸி அவுட்ட (முறிஞ்ச துண்ட திருகி எடுக்குற கருவி) உள்ளயே ஒடிச்சுட்டான். அதை ட்ரில் பண்ணப் போய் ஓட்டை சாஞ்சு ஹெட்டு போச்சு. இப்ப ஹெட் மாத்த 38,000 நான்தான் தரணும்ங்குறாரு பட்டறைக்காரர். பில் கேட்டா துண்டுச்சீட்டு. வாடகை வண்டிக்கு கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாதுன்னும் சொல்லுதாங்க.

வயிறு எரியுது. ஈஸி அவுட்டுன்னு பேருதான் ஈஸி. அது ரொம்ப கடினமான இரும்பு, உள்ள ஒடிஞ்சா சாதா ட்ரில் பிட்டு அதுமேல வழுக்கி பக்கத்துல உள்ள மெத்து அலுமினியத்த தின்னும். உங்களுக்கு நடந்தது அதுதான். நானும் ஆன்லைன்ல ஒரு செட்டு வாங்கினேன், அஞ்சு பீஸு, பெட்டி கொள்ளாம், முதல் திருப்புலயே முனை போச்சு, இப்பவும் அந்த பெட்டியில ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்.

ஹெட்டுக்கு உடனே 38,000 குடுக்காதீங்க. ஒடிஞ்ச துண்டு இன்னும் உள்ள இருந்தா ஸ்பார்க் எரோஷன் மெஷின்ல எரிச்சு எடுக்கலாம். சாஞ்ச ஓட்டைய அலுமினிய வெல்டிங்ல அடைச்சு புதுசா துளைச்சு மரை போடலாம், இல்ல ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள புது மரையா வைக்கிற கம்பிச்சுருள்) போடலாம். ஹெட் வேலை மட்டுமே செய்யுற லேத் பட்டறையில ஒரு வாட்டி காட்டி, என்ன சொல்லுதாங்கன்னு எழுதி வாங்குங்க. ஹெட்டு உங்க கையில இருக்கணும், படம் எடுத்து வைங்க, பழசுன்னு சொல்லி அவங்க எடுத்துட்டு போக விடாதீங்க.

கேஸ் போட முடியாதுன்னு சொன்னவங்களுக்கு பாதிதான் தெரியும். பெரிய வியாபாரத்துக்கு முடியாது. ஆனா சொந்த உழைப்புல குடும்பம் பொழைக்க வச்சிருக்க வண்டின்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். முதல்ல நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. மசியலைன்னா நாகர்கோவில்ல மாவட்ட ஆணையம் இருக்கு, 2 வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த பைசா 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல.

இனி அந்த துண்டுச்சீட்டு. எனக்கு இதுல ஒரு தீராத எரிச்சல் உண்டு. சிகரெட் அட்டையில, காலண்டர் தாள் பின்னால, "ஸ்டட் வேலை – 9,800"ன்னு ஒரு கிறுக்கல், அதுக்கு கீழ ஒரு கோடு, அதை பத்திரமா பர்ஸுக்குள்ள மடிச்சு வைக்கிற நம்ம ஆளு. கேட்டா "பில்லு போட்டா 18 சதவீதம் கூடுமாம் அண்ணாச்சி"ங்குறது. அந்த 18 சதவீதத்த மிச்சம் பிடிச்சவன் கையில நாளைக்கு காட்ட என்ன இருக்கு? ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிய நான் இப்பிடித்தான் வாங்கினேன், வாரண்டி உண்டுன்னு கடைக்காரர் சொன்னாரு, பேட்டரி வீங்கினப்ப கடை இருந்த இடத்துல ஜூஸ் கடை. பில் தர மாட்டேன்னு சொல்றதே அந்த சட்டத்துல முறையற்ற வணிகம்னு தெளிவா இருக்கு. சும்மா "மொத்தம்"னு போட விடாதீங்க: ஸ்டட் எத்தனை, கேஸ்கட் என்ன விலை, கழட்டுக்கூலி எவ்வளவு, முறிஞ்சா ட்ரில் கூலி தனியா, உள்ள ஏதாவது ஒடிஞ்சா செலவு யாருக்கு. இந்த கடைசி கேள்விய ஸ்பேனர தொடுறதுக்கு முந்தி கேட்டு பாருங்க, பாதி பேரு பையன்கிட்ட இருந்து வேலைய வாங்கி தானே செய்வாங்க.

அருமனை: நட்ட வெல்டிங் வச்சு எடுக்கலாம்னு எங்க மெக்கானிக் சொல்லுதாரு. வண்டியில உள்ள எலக்ட்ரானிக்ஸுக்கு கேடா?

பேட்டரி நெகட்டிவ கழட்டி, எர்த் கிளிப்ப ஸ்டட்டுக்கு பக்கத்துலயே மாட்டி செஞ்சா பயப்பட வேண்டாம். கழட்டாம செஞ்சா ஈசியூ (இஞ்சினோட கம்ப்யூட்டர்), ஆல்டர்நேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) ரெண்டுக்கும் ஆபத்து. டீ குடிக்க போயிராம பக்கத்துல நின்னு பாருங்க.