செயலி சொல்லும் பேரை அப்படியே நம்பலாமா? - வாசகர் கேள்வி பதில்

வெளியூர்ச் செடி, வெளியூர்ப் பூச்சி என்று நம் பக்கம் வந்து பரவுகிறவற்றை செல்போனில் படம் பிடித்துக் கண்டுபிடிப்பது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் சில.

எங்கள் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோட்டத்தில் குருத்தெல்லாம் சுருங்கிக் கொத்தாக நின்றுவிட்டது. இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி. போனில் படம் பிடித்தால் ஒரு தடவை பப்பாளி மாவுப்பூச்சி என்கிறது, இன்னொரு தடவை வேறு பேர் சொல்கிறது. எதுவாக இருந்தால் என்ன, மருந்து அடித்துவிடலாமா?
*- பாலக்கோடு வாசகர்*

அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். எதுவாக இருந்தால் என்ன என்று விட முடியாது, ஏனென்றால் எந்தப் பூச்சி என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியமே மாறுகிறது.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தெரிய வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. அதை அடக்க 2010-ல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வயல்களில் விட்டார்கள், நன்றாகவே வேலை செய்தது. மரவள்ளி மாவுப்பூச்சி வேறு. தென் அமெரிக்காவில் பிறந்து, 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியை நம்பிச் சாப்பிடும் ஜனங்களின் சோற்றில் கைவைத்த பூச்சி அது. நம் நாட்டில் 2020-ல் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி என்று வந்துவிட்டது. இதற்கான குளவி அனகைரஸ் லோபெசி. பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-ல் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து பெருக்கி, 2022-ல் சேலத்தில் விடத் தொடங்கியது. ஒரு பூச்சிக்கான குளவி இன்னொன்றை அடக்காது. நீங்கள் கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் மேலே மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும் மாவுப்பூச்சி பாதி தப்பிவிடும், அதைத் தின்ன வந்த குளவிதான் முதலில் சாகும். இது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற விஷயம்.

செயலி ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறது என்றால், ஏற்கெனவே மனிதர்கள் பேர் குறித்துப் போட்ட படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதைத்தான் அது காட்டுகிறது. மாவுப்பூச்சியைப் பூச்சியியல் ஆட்களே கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள், போன் கேமராவிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வயலில் நீங்களே பார்க்கக்கூடிய ஒரு தடயம் உண்டு: மேலே இருக்கும் வெள்ளை மாவை மெதுவாக ஒதுக்கிவிட்டு உடம்பைப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம், வெளிர் சிவப்பாக இருந்து குருத்தும் இப்படிக் கொத்தாகச் சுருங்கியிருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், முடிவு இல்லை. குருத்து முழுசாக ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒன்று, பூச்சியைக் கிட்டத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்று எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டக்கலை உதவி அலுவலரிடமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். போக முடியாவிட்டால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, உறுதியாகும் வரை அந்த வயலிலிருந்து நடவுக் குச்சி யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தப் பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் குச்சிக்கட்டோடுதான்.

பள்ளியில் இயற்கை மன்றம் நடத்துகிறேன். பிள்ளைகளை வைத்து உண்ணிச்செடி, பார்த்தீனியம் எல்லாம் செயலியில் பதிவு செய்யலாம் என்று ஆசை. சக ஆசிரியர்கள், "அது எல்லாருக்கும் தெரிந்த செடிதானே" என்கிறார்கள்.
*- தேன்கனிக்கோட்டை வாசகி*

தாராளமாகச் செய்யுங்கள். செடி எல்லாருக்கும் தெரியும், ஆனால் எந்த ஓடை வரை வந்திருக்கிறது, எந்தச் சரிவில் இன்னும் வரவில்லை என்பது யாருக்கும் எழுத்தில் தெரியாது. உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது செலவு பிடிக்கிற வேலை, விட்டால் திரும்ப முளைக்கும், அதனால் புதிதாக நுழைகிற இடத்தை முதலில் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊர் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டி இருப்பதால் இந்தப் பதிவுகளுக்கு மதிப்பு அதிகம்.

பெரியவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் பயன்படுத்தலாம், நாம் ஏற்றும் படத்துக்கு மற்றவர்களும் பேர் சொல்லிச் சரிபார்க்கிற செயலி அது. தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, பேர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் ஆய்வுத்தரப் பதிவாக ஏறும். வீட்டு வேலியில் அழகுக்கு வளர்க்கிற செடியாக இருந்தால் 'வளர்க்கப்பட்டது' என்று மறக்காமல் குறியுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் கெட்டுப்போகும். பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அதே ஆட்கள் செய்த சீக் செயலி போதும், கணக்கு திறக்க வேண்டியதில்லை. வீட்டுப் பக்கம் எடுத்த படமென்றால் இடத்தை மறைத்துக் காட்டும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது, சாலையோரமும் ஏரிக்கரையுமே உங்களுக்கு ஒரு வருஷ வேலை கொடுக்கும்.

பார்த்தீனியத்தைப் பிள்ளைகள் கையால் பிடுங்க வேண்டாம். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும், படம் எடுத்தால் போதும்.

வயல் ஓரத்து மரத்தைச் செயலி சீமைக்கருவேலம் என்கிறது. வெட்டிவிடலாமா?
*- ஊத்தங்கரை வாசகர்*

இலையை மட்டும் படம் எடுத்திருப்பீர்கள். நாட்டுக் கருவேலம், வன்னி, சீமைக்கருவேலம் மூன்றுக்கும் சின்னச் சின்ன இலை, முள், இதில் செயலி குழம்பும். பூவும் காயும் வரட்டும். நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக நல்ல மஞ்சள், காய் மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளமான கதிர், காய் பழுத்தால் வெளிர் மஞ்சள். வன்னியின் பூவும் கதிர்தான், அதனால் அந்தச் சந்தேகம் இருந்தால் தெரிந்த ஒருவரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெட்டிய வன்னியைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஓசூரில் வீட்டுத் தோட்டத்தில் கையளவு நத்தைகள். செயலி ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்கிறது.
*- ஓசூர் வாசகி*

அந்த அளவுக்குப் பெரிசு என்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு இதில் இருக்கக்கூடும். கையுறை போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஈரச் சாக்கின் கீழே பப்பாளி இலையைப் போட்டு வைத்து, காலையில் அங்கே சேர்ந்ததைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணில் முட்டைக் குவியலும் இருக்கும், அதையும் தேடி எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன்.

அஞ்செட்டி மலைப் பக்கம் சிக்னலே கிடையாது. அங்கே எப்படிப் பதிவது?
*- அஞ்செட்டி வாசகர்*

போனில் இருப்பிட வசதியை முன்கூட்டியே போட்டுவிட்டுக் கேமராவில் படம் எடுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய நெட் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். ஊருக்கு வந்து அந்தப் படத்தையே செயலியில் ஏற்றினால் இடமும் நேரமும் தானாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: படத்தை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி அவரை ஏற்றச் சொல்லாதீர்கள், சாதாரணப் படமாக அனுப்பும்போது அதிலிருக்கும் இடக்குறிப்பு போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.