ஆடி மாதக் கூடை ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது?

மதுராந்தகம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். சென்னையில் 42 குடும்பங்கள் பட்டம் (விதைப்புப் பருவம்) தொடங்கும் முன்பே பங்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். விளைவதைச் சனிக்கிழமைதோறும் பிரித்து அனுப்புகிறோம். இது எங்களுக்கு ஏழாவது ஆடிப்பட்டம். புதிதாகச் சேர்ந்தவர்களும், தாங்களும் இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் இது. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, மூன்று வாரமாகக் கீரை, முருங்கைக்காய், வாழைப்பூ மட்டும்தான் வருகிறது. தக்காளி எப்போது? (வேளச்சேரி)

உங்கள் தக்காளி இப்போது ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. ஆனி நடுவில் விதை போட்டோம், 25 நாளில் பிடுங்கி நட்டோம். நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு 60, 70 நாள் ஆகும். எண்ணிப் பாருங்கள், புரட்டாசி வந்துவிடும். கத்தரியும் ஏறக்குறைய அதே கணக்குதான். வெண்டையும் முள்ளங்கியும் நேராக ஊன்றுவதால் 45 நாளில் கைக்கு வரும், அதாவது ஆவணி நடுவில். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். அப்போது நீங்களே "அக்கா, வெண்டை போதும்" என்று சொல்வீர்கள், பாருங்கள். நாட்டு அவரை மட்டும் தனி ரகம். ஆடியிலேயே ஊன்றினாலும் பகல் சுருங்கிய பிறகுதான் பூக்கும். கார்த்திகைக்கு முன் அதைக் கேட்காதீர்கள்.

21 நாளில் வருவது முளைக்கீரை ஒன்றுதான். அதனால்தான் ஆடிக் கூடையில் கீரை ராஜ்ஜியம்.

குறைகிற வாரங்களில் கோயம்பேட்டில் வாங்கி நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டாம் வருடம் செய்தோம். பை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கேரட்டும் பீன்ஸும் வாங்கிப் போட்டோம். தாம்பரத்தில் ஒரு பாட்டி போன் செய்து, "ஏம்மா, மதுராந்தகத்துல ஆடி வெயில்ல கேரட் விளையுதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றோடு விட்டோம். பக்கத்து இயற்கை விவசாயியிடம் வாங்கினால், அதைச் சீட்டில் எழுதியே அனுப்புகிறோம்.

பணத்தை ஏன் முன்கூட்டியே வாங்குகிறீர்கள்? வாராவாரம் கொடுத்தால் ஆகாதா?

செலவு எல்லாம் ஆனியில்தான். எரு வண்டி, விதை, பாத்தி போட ஆள்கூலி, மோட்டார் ரிப்பேர். வரவு ஆவணிக்குப் பிறகு. இந்த இரண்டு மாத இடைவெளியில்தான் சிறு விவசாயி வட்டிக்கு வாங்குகிறான். உங்கள் பணம் அந்த வட்டிக்காரர் இடத்தில் நிற்கிறது. யோசனை எங்களுடையது இல்லை. ஜப்பானில் 1970களில் தெய்கெய் என்ற பெயரில் குடும்பங்களும் விவசாயிகளும் நேரடியாகக் கைகோத்தார்கள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இந்தப் பங்குமுறையைத் தொடங்கின.

மாடியில் முளைக்கீரை தூவினேன். பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. விதை மோசமா?

விதையைக் குறை சொல்வதற்கு முன் தொட்டி ஓரத்தில் குனிந்து பாருங்கள். எறும்பு போகிறதா? முதல் வருடம் எங்களுக்கும் இதேதான். காலையில் நான்கு பாத்தி தூவிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பாத்தி நடுவிலிருந்து வரப்புவரை ஒரே கோடு. கடுகில் பாதிகூட இல்லாத கறுப்பு விதையை ஆளுக்கொன்றாகத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. புற்று வாயில் பளபளவென்று ஒரு சின்னக் குவியல். எனக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு ஒழுங்கு!

இப்போது விதையோடு மணலும் சாம்பலும் கலந்து தூவுகிறோம். மணல் சேர்த்தால் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகவும் விழும். தூவின கையோடு பாத்தியைச் சுற்றி ஒரு பிடி ரவை போட்டுவிடுகிறோம். எறும்பு ரவையில் மும்முரமாக இருக்கும் மூன்று நாளில் கீரை முளைத்துவிடுகிறது. மேலே மண்ணைத் தடிமனாக மூடாதீர்கள், கையால் லேசாகக் கோதிவிட்டால் போதும். தண்ணீரைப் பூவாளியில் விடுங்கள், வாளியில் கொட்டினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

குழித்தட்டில் மிளகாய் நாற்று அடித்தண்டு சுருங்கிச் சாய்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (முதல் தடவை விவசாயம்)

நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது தம்பி, பிடுங்கி எறியுங்கள். மருந்தைவிடத் தண்ணீரைக் குறைப்பதுதான் வேலை செய்யும். சாயங்காலம் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் மட்டும் ஊற்றுங்கள், தட்டைத் தரையில் வைக்காமல் தூக்கி வையுங்கள். அடுத்த தடவை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) என்ற கணக்கில் விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்துவிட்டுப் போடுங்கள்.

மயில் தொல்லைக்கு என்ன செய்கிறீர்கள்?

பழைய சேலைகளை வேலியைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம், நாற்றுக்கு மேல் பழைய மீன்வலை. பாதிப் பலன் உண்டு. விஷம், கண்ணி பக்கம் போகவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது.

ஆர்கானிக் சான்றிதழ் உண்டா?

இல்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை, அரசு முத்திரையை மட்டும் ஒட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து எருக்குழியைப் பாருங்கள்.

ஐப்பசி மழையில் எல்லாம் போய்விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. இதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறேன், ஆனாலும் வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தக்காளி வரிசை மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் வேர் எல்லாம் அழுகல் நாற்றம். இரண்டு வாரம் பையே அனுப்பவில்லை. அனுப்ப நினைத்தாலும் வாங்குகிறவர்கள் வீட்டிலேயே முழங்கால் தண்ணீர். பத்துப் பேர் விலகினார்கள், மீதிப் பேர் தையில் கீரையோடு மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே மேட்டுப்பாத்திதான். நான்கடி அகலம், ஓரடி உயரம். இரு பக்கமும் நின்று கை எட்டுவதால் மிதிக்க வேண்டியதில்லை. அது இருந்தாலும் பெருமழைக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது.

ஒருநாள் வந்து வேலை செய்யலாமா? பிள்ளைகளையும் கூட்டிவரலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள், இப்போது களைதான் வேலை. கோரையை மேலே கிள்ளாமல் கிழங்கோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு நீங்களே மறுபடி வர வேண்டியிருக்கும். வெண்டைச் சுணை அரிக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். பத்து மணிக்குக் கஞ்சி உண்டு. மோர் மிளகாய் யாராவது கொண்டுவந்தால் நல்லது.