பெரிய காலிப்பர் மாற்றிய பின் பிரேக் பெடல் இறங்குவது ஏன்?

முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) நீங்களே மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று இறங்குவதாகவும், பிரேக் ஆயிலில் கலந்த காற்றைப் பலமுறை எடுத்தும் பயனில்லை என்றும், பெடலை மிதிக்கும்போது அந்த ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வண்டியைச் சாலைக்கும் எடுக்க வேண்டாம். பெடல் எந்த விதமாக இறங்குகிறது என்று கவனித்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் தீரும் வரை பெடலைச் சில முறை மிதியுங்கள். அதன் பிறகு அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலேறி இறுகினால், குழாயில் காற்று இருப்பதாகவே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தாங்கவில்லை.

காற்று என்று தெரிந்தால், காலிப்பரின் ப்ளீடர் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். இடது, வலது காலிப்பர்கள் இடம் மாறினாலும் போல்ட்டுகள் கச்சிதமாகவே பொருந்திவிடுவதுண்டு. அப்போது நிப்பிள் கீழே போய், காற்று காலிப்பரின் மேல் பகுதியிலேயே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஆயிலை ஓடவிட்டாலும் வெளியே வராது. நான்கு பிஸ்டன் காலிப்பர்கள் பலவற்றில் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நிப்பிள்கள் இருக்கும். இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும். வேலையின் நடுவே ரிசர்வாயர் (ஆயில் ஊற்றும் தொட்டி) வற்றியிருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருக்கலாம். பல வண்டிகளில் ஸ்கேனர் கருவி மூலம் அதன் பம்பை இயக்கினால்தான் அது வெளியேறும்.

காற்று எடுக்கும்போது பழைய வண்டியின் பெடலைத் தரை வரை மிதிப்பது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாகச் சீல் போகாத, துருவும் அழுக்கும் படிந்த பகுதி வரை சென்று அது கிழிபடலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெடல் இறுக்கமாகவே இருந்து, முன்பைவிடச் சற்றுத் தாழ்வாக மட்டும் நின்றால், அது காலிப்பரின் கணக்கு. பழைய காலிப்பரில் 54 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ. புதியதில் நான்கும் 42 மி.மீ. என்றால், ஒற்றைப் பிஸ்டனோடு ஒப்பிட வேண்டிய ஒரு பக்கத்து இரண்டின் பரப்பு சுமார் 2,770. ஆகவே பேடை அதே தூரம் நகர்த்த ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆயில் வேண்டும். பெடலும் அதற்கேற்பக் கூடுதலாக இறங்கும். இதை எத்தனை முறை காற்று எடுத்தாலும் மாற்ற முடியாது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் மேலே வரும், ஆனால் அதே அளவு பிரேக் பிடிக்க இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். சிறிதளவு இறக்கம்தான் என்றால் அப்படியே விட்டுவிடுவேன்.

கசிவு எனத் தோன்றினால், ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் போல்ட்டின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழையவற்றையே திரும்பப் போட்டால் அங்கேதான் முதலில் ஈரம் தெரியும். ஸ்டியரிங்கை இரு ஓரத்துக்கும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமலும் சக்கரத்தில் உரசாமலும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் பெடல் மட்டும் தொடர்ந்து இறங்கினால், அப்போது மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள்.