குகைக்குள் மழை பெய்யாது என்று ஏஜென்ட் சொன்னால்...

கேள்வி: மே கடைசி வாரம் குடும்பத்தோடு மேகாலயா போகிறோம். நான், கணவர், 14 வயது மகன், 11 வயது மகள். ஐந்து இரவு பேக்கேஜில் 'அட்வெஞ்சர் கேவிங், 3 மணி நேரம், ஹெல்மெட், டார்ச் உட்பட' என்று போட்டிருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கிவிடுமே என்றால், 'குகைக்குள் மழை பெய்யாது மேடம், மழை வந்தால் குகைதான் பாதுகாப்பு' என்கிறார் ஏஜென்ட். கணவருக்கு லேசாக வீசிங் உண்டு. குணா குகையை நினைத்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மேகாலயாவுக்குத் தாராளமாகப் போங்கள். அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைச் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். கொடைக்கானல் குணா குகை என்பது பாறைகளுக்கு நடுவே ஆழமாக இறங்கும் பிளவுகள். அங்கே ஆபத்து, கால் தவறி விழுவது. மேகாலயாவில் நீங்கள் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. அங்குள்ள பெரும்பாலான குகைகள் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கியவை. குடைந்த தண்ணீர் வேலை முடிந்ததென்று போய்விடவில்லை. மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அதே வழியாகத்தான் மலைமேலிருந்து இறங்குகிறது. மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய்க்குள் நின்றுகொண்டு 'இங்கே மழை பெய்யவில்லையே' என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் உங்கள் ஏஜென்ட் சொல்வதும். மழை குகை வாசலில் பெய்ய வேண்டியதுகூட இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி மேட்டில் பெய்தால், அங்குள்ள குழிகளும் வெடிப்புகளும் அதை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். வெளியே வெயில் அடிக்கும்போதே உள்ளே நீர் ஏறலாம். மண் வழியாக வடிகட்டி மெதுவாக வருகிற தண்ணீர் இல்லை இது. நேராகக் கொட்டும்.

மே மாதம் மழைக்காலமே இல்லை, ஜூனில்தான் தொடங்கும் என்று அடுத்து சொல்வார். சிரபுஞ்சி எனப்படும் சோராவில் மே மாதம் மட்டும் சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 1,400தான். காலண்டரை நம்பிக் குகைக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தின் தாம் லுவாங் குகை போதும். அங்கே வாசலில் ஜூலை முதல் நவம்பர் வரை உள்ளே போகாதீர்கள் என்று பலகை இருந்தது. 2018 ஜூன் 23 அன்று, அதாவது பலகை சொன்ன தேதிக்கு முன்பே, கால்பந்துக் குழுச் சிறுவர்கள் 12 பேரும் பயிற்சியாளரும் நடந்தே உள்ளே போனார்கள். பின்னாலேயே வெள்ளம் வந்து வழியை அடைத்தது. அவர்களைக் கண்டுபிடிக்க ஜூலை 2 ஆனது, கடைசி ஆள் வெளியே வர ஜூலை 10. காற்று உருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் இறந்தார். உலகின் தேர்ந்த குகை முக்குளிப்பவர்கள் வந்து சேர்ந்ததால்தான் சிறுவர்கள் பிழைத்தார்கள். உங்கள் பேக்கேஜில் அவர்கள் அடக்கமில்லை.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏஜென்ட் இதைக் காட்டித்தான் மற்றதை விற்பார். சோராவுக்குப் பக்கத்தில் உள்ள மவ்ஸ்மாய் குகைக்கு மே மாதத்திலும் போகலாம். காரணம் மூன்று: உள்ளே மின்விளக்கு இருக்கிறது, பார்வையாளர் நடக்கும் பகுதி 150 மீட்டர் அளவுதான், ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியே வந்துவிடலாம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் விதிவிலக்கு. விளக்கு இருக்கிறது, ஆனால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்றால் இல்லை. குட்டையான குகைதான், ஆனால் இருட்டு என்றாலும் இல்லை. ஆர்வா குகை இதற்கு நல்ல உதாரணம். அதிலும் விளக்கு போட்ட பகுதி உண்டு, பாறைச் சுவரில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். ஆனால் உள்ளே ஓடை இருக்கிறது. விளக்கு முடியும் இடத்தில் நீங்களும் முடித்துக்கொள்ள வேண்டும். 'இன்னும் கொஞ்சம் காசு கொடுங்கள், உள்ளே காட்டுகிறேன்' என்று அங்கே ஒருவர் நிற்பார். அவருடைய டார்ச்சை ஒரு முறை பாருங்கள், ஆசை போய்விடும்.

மவ்ஸ்மாயிலும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம். கனமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது நுழையாதீர்கள். அந்த ஊரில் மின்சாரம் போவது அதிசயமில்லை என்பதால் ஆளுக்கொரு டார்ச் வேண்டும். நடுவில் உடம்பை ஒருக்களித்து, குனிந்து நகர வேண்டிய இடுக்கு உண்டு. அங்கே கூட்டம் தேங்கும். இடுக்குக்கு முன் உள்ள அகலமான இடத்திலேயே நின்று, முன்னே போகிறவர்கள் தாண்டிய பிறகு மகளை உங்களுக்கும் கணவருக்கும் நடுவில் விட்டு நகருங்கள். செருப்பு வேண்டாம். அடியில் பள்ளம் பள்ளமாக ரப்பர் வெட்டு உள்ள ஷூ போடுங்கள்.

இனி இந்தத் தொழிலைப் பற்றி. திருப்பூரில் நீங்கள் பணம் கட்டுகிற ஏஜென்ட் குகையைப் பார்த்திருக்க மாட்டார். அவர் குவாஹாட்டியில் ஒருவருக்குக் கொடுப்பார், அவர் ஷில்லாங்கில் ஒரு வண்டிக்காரருக்கு, வண்டிக்காரர் குகை வாசலில் நிற்கும் ஒரு பையனுக்கு. ஒவ்வொரு கையிலும் கமிஷன் கழிந்து, கடைசியில் உங்கள் உயிருக்குப் பொறுப்பேற்கும் ஆளுக்குப் போய்ச் சேருவது சில நூறு ரூபாய். அவர் கெட்டவர் இல்லை. கயிறும் நல்ல விளக்கும் வாங்க அவரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் பேக்கேஜ் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்: 'கேவிங்' என்று இருக்கும், குகையின் பெயர் இருக்காது. பெயர் இல்லாத குகைக்கு ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள். பெயரைச் சொன்னால், உள்ளே வரும் வழிகாட்டி யார், அவரோடு போனில் பேச முடியுமா, தண்ணீர் எதுவரை வரும், எந்தத் தேதிக்குப் பிறகு அந்தக் குகைக்குள் போக மாட்டீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'வருஷம் பூரா போகலாம்' என்று பதில் வந்தால் பேச்சை முடித்துவிடுங்கள். அங்கே குகைகள் பெரும்பாலும் ஊராருக்கோ ஒரு குடிவழிக்கோ சொந்தமான நிலத்தில் இருப்பவை. ஊர்ச் சபையின் அனுமதி வாங்கியாயிற்றா, ரசீது தருவார்களா என்பதையும் இங்கிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாசலில் இரண்டாம் முறை பணம் கட்டுவீர்கள்.

நுழைவுச் சீட்டு கிழிக்க ஆள் போடுகிறார்கள். இத்தனை பேர் உள்ளே போனார்கள், இத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட ஆள் இல்லை. செல்ஃபி மேடை கட்டப் பணம் வருகிறது. வழிகாட்டிப் பையன்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கச் சொன்னால் மட்டும் கோப்பு நகராது. குகைக்குள் கால் முறிந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவர, நடந்து போன நேரத்தைப் போலப் பல மடங்கு ஆகும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சோராவிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், ஷில்லாங்கில். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்பீர்கள். சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். இப்போதே படித்துவிடுங்கள்.

பையனுக்கு உண்மையான குகை அனுபவம் வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி, அரையாண்டு விடுமுறையில் போங்கள். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரைதான் சரியான காலம். 1992 முதல் மேகாலயக் குகைகளை அளந்து வரைபடம் போட்டுவரும் பிரையன் கார்பிரான் டேலியின் குழுவும் வெளிநாட்டு வல்லுநர்களும்கூட வறண்ட மாதங்களில்தான் உள்ளே போகிறார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஜெயின்டியா மலையின் கிரெம் லியாட் பிரா குகையை அளந்தவர்கள் மே மாதத்தைத் தொடுவதில்லை. உங்கள் ஏஜென்டுக்கு மட்டும் எங்கிருந்து அந்தத் துணிச்சல்?

அப்போதும் கட்டடவேலை ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் வாங்காதீர்கள். குனிந்தால் கழன்று விழும். மலையேற்ற ஹெல்மெட், தாடைப் பட்டியோடு, அதன்மேல் விளக்கு பொருத்தியது வேண்டும். மகளுக்கு அவள் தலை அளவில் தனியாக. விளக்கு ஆளுக்கு மூன்று: தலையில் ஒன்று, பையில் இரண்டு, தனித்தனி பேட்டரியோடு. செல்போன் வெளிச்சம் கணக்கில் சேராது. குழுவில் குறைந்தது நான்கு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடி வெளியே போகலாம். உள்ளே ஒரு மணி நேரம் நடந்தால் திரும்ப ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள், களைப்பு சேரும். வெளியே நம்பகமான ஒருவரிடம் 'இத்தனை மணிக்குள் நாங்கள் வராவிட்டால் ஆள் அனுப்பு' என்று சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே போன் எடுக்காது.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சோரா பக்கக் குகைகளில் வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழேதான், இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றால் குழந்தைகளுக்கு நடுக்கம் எடுக்கும். டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். மாற்றுத் துணி வண்டியில் இருக்கட்டும்.

கயிற்றில் இறங்கும் குகையைக் காட்டி ஆசை மூட்டினால் மறுத்துவிடுங்கள். இறங்குவதற்கு அரை நாள் பயிற்சி போதும். ஏறி வரத்தான் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும், அதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

உள்ளே நடக்கும்போது சுவரைப் பாருங்கள். தலைக்கு மேலே வெடிப்பில் சருகும் சுள்ளியும் செருகியிருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினாலோ, நுரை மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே வெளியேறுங்கள். வழி ஏற்கெனவே முழுகிவிட்டதென்றால் நீந்தப் பார்க்காதீர்கள். அந்தச் சருகுக் கோட்டுக்கும் மேலே உயரமான இடம் தேடி ஏறி, ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒட்டி உட்கார்ந்து காத்திருங்கள்.

கணவர் விஷயம்: வௌவால் எச்சம் காய்ந்து பொடியாகக் கிடக்கும் குகைகள் அவருக்கு ஆகாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். மவ்ஸ்மாய்க்குப் போகும்போதும் இன்ஹேலர் பையில் இல்லாமல் அவர் சட்டைப் பையிலேயே, தண்ணீர் புகாத கவரில் இருக்க வேண்டும். தலைவலியும் மூச்சு வாங்கலும் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் அது வீசிங் இல்லை, காற்றில் கரியமில வாயு தேங்கியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.