பிக்கப் பின் ஆக்சில்: கேட்டவர்களுக்குப் பதில்

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பின் ஆக்சில் வேலைதான் பார்க்கிறேன். லோடு வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, கிருஷ்ணகிரியிலிருந்து மாங்காய் ஏற்றி வருகிறேன். சூளகிரி ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. 3.73 கிரவுன் பினியனை எடுத்துவிட்டு 4.10 போடலாமா?

போடலாம் தம்பி. கிரவுன் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுழற்றும் சின்னது. 3.73 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 11, அதாவது 41-ஐ 11-ஆல் வகுத்த ரேஷியோ. 4.10 என்றால் 41-க்கு 10. அந்த ஒரு பல் குறைவதில் இழுவை கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடும். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றிய இன்ஜின் இனி 2750 சுற்றும். காலி வண்டியில் திரும்பும்போது டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதற்கு முன் கிளட்ச் வழுக்குகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். பெரிய டயர் மாற்றியிருந்தால் பழைய அளவே போட்டுப் பாருங்கள், பாதிக் குறை அதிலேயே தீரும். ஃபோர் பை ஃபோர் வண்டியானால் முன் ஆக்சிலையும் அதே கணக்குக்கு மாற்றியாக வேண்டும்.

கிரவுனில் இரண்டு பல்தான் உடைந்திருக்கிறது. பினியன் நன்றாக இருக்கிறதே, கிரவுனை மட்டும் மாற்றினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். இரண்டையும் கம்பெனியில் ஜோடியாக ஓடவிட்டு உரசித்தான் பல்லைப் பழக்குகிறார்கள். வேறு கிரவுனோடு பழைய பினியன் ஒருநாளும் ஒட்டாது. ஊளைச் சத்தத்தில் ஆரம்பித்து மறுபடி பல் உடைவதில் முடியும்.

செட்டாகப் போட்டாலும் பொருத்துவதில்தான் வேலை இருக்கிறது. நான் ஏழெட்டுப் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனைக் கையால் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடி பினியனைச் சுற்றுவேன். பேஸ்ட் விலகிய இடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாகத் தெரிய வேண்டும். பல்லின் அடியில் பட்டால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் பட்டால் வெளியே நிற்கிறது. பினியனுக்கு வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி மறுபடி தடவ வேண்டும். நாலைந்து தடவை கழற்றி மாட்ட நேர்ந்தாலும் சலிக்கக் கூடாது. இரண்டு பல்லுக்கும் நடுவிலுள்ள பிளேயை, அதாவது இடைவெளியை, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 0.15-லிருந்து 0.20 மில்லிமீட்டர் வரும். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவில், நட்டை இறுக்கும்போது நசுங்கும் ஸ்லீவ் இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் அவசரத்துக்குப் பழையதையே போட்டு நட்டை இறுக்கினேன். 600 கிலோமீட்டரில் வண்டி திரும்பி வந்தது. பினியன் பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அந்த டிரைவர் இரண்டு நாள் வாடகையை இழந்தார். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

பின்னாலிருந்து ‘ஊ’ என்று சத்தம். டிஃபரென்ஷியலா, பேரிங்கா?

ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் டிஃபரென்ஷியலில் உள்ள கிரவுன் பினியன். கால் எடுத்தாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறினால் பேரிங். கியர் போட்டு நகர்த்தும்போது ‘டக்’ என்றால் முதலில் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டின் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள்.

சிவாஜிநகர் குஜிரியில், பழைய சாமான் சந்தையில், முழு ஆக்சில் கிடைக்கிறது. அப்படியே மாட்டிவிடலாமா?

அளக்கும் டேப்போடு போங்கள். ஸ்பிரிங் பட்டா உட்காரும் இடைவெளி, வீல் போல்ட் அளவு, டிரம் அளவு, ஜாயின்ட் ஃபிளேஞ்ச் நாலும் ஒத்துவர வேண்டும். பட்டா சீட்டை வெட்டி வெல்டிங் வைத்துச் சரிக்கட்டுவதை நான் செய்வதில்லை. சூட்டில் ஆக்சிலின் ஹவுசிங் குழாய் வளைந்தால் டயரையும் பேரிங்கையும் தின்னும். ரேஷியோ தெரிய, பின்பக்க மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணிவிடுங்கள். மாட்டியபின் பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுங்கள். லோடுக்கேற்ப பிரேக் மாறும் வால்வின் கம்பி ஆக்சிலில் மாட்டியிருந்தால் அதையும் அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

புது செட்டுக்கு என்ன ஆயில்?

ஜி.எல்-5 தரம் உள்ள கியர் ஆயில், தடிமன் பெரும்பாலும் 80டபிள்யூ-90. கியர்பாக்ஸில் மீந்த ஜி.எல்-4 ஆயிலை ஊற்றாதீர்கள், இந்தப் பல்லின் உரசலை அது தாங்காது. முதல் நாள் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஹவுசிங் ஆறும்வரை நிறுத்துங்கள். 800 கிலோமீட்டர் வரை முழு லோடு வேண்டாம். அப்போது ஆயிலை மாற்றும்போது டிரெயின் போல்ட் காந்தத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை. செதிலாக வந்தால் அன்றே வண்டியைக் கொண்டுவாருங்கள்.