சொல் விளக்கம்: இறங்கு, இழி, இறக்கு

கேள்வி: "பஸ்ஸாலை இறங்கினேன்" என்று மகள் எழுதியதைக் கொப்பியில் பிழை போட்டு, "பஸ்ஸிலிருந்து இறங்கினேன்" என்று திருத்தியிருக்கிறார்கள். நாங்கள் கதைப்பது பிழையா? ‘இறங்கு’ எங்கிருந்து வந்த சொல்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: ‘இறங்கு’ நல்ல தமிழ்ச் சொல். மலையாளத்திலும் ‘இறங்ஙுக’ என்று இருக்கிறது. ஆனால் அதன் பழைய பொருளில் கீழே தொங்குவதும் உண்டு. புறநானூற்றில் ‘இறங்கு கதிர்’ என்று வருகிறது. நெற்கதிர் தாளை விட்டு எங்கும் போவதில்லை. மணியின் பாரத்தால் தலை சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

மேலிருந்து கீழே வருவதற்கு அந்தக் காலத்தில் நன்றாக வழங்கிய சொல் ‘இழி’. "இழுமென இழிதரும் அருவி" என்கிறது திருமுருகாற்றுப்படை. அருவிக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை. சொல் திரும்புகிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் 964ஆம் குறளைப் பாருங்கள்: "தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை." முதல் ‘இழிந்த’ மயிர் உதிர்வது, இரண்டாவது மானம் போவது. பிறகு இரண்டாவது பொருளே ஓங்கி, ‘இழிவு’, ‘இழிசொல்’ என்று நின்றுவிட்டது. இன்று "சைக்கிளால் இழிந்தேன்" என்றால் கேட்பவர் சிரிப்பார். கன்னடத்தில் இந்தக் கறை படியவில்லை. அங்கே ழகரம் ளகரமாகி, பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு இன்றும் ‘இளி’தான்.

இனி ‘ஆலை’. குறளின் "தலையின்" ஐந்தாம் வேற்றுமை. அதற்கு இல், இன் என்று இரண்டு உருபு கொடுத்து, நீங்கல் பொருளை முதலில் வைக்கிறது நன்னூல். பிறகு ‘இல்’ பெரும்பாலும் இடத்தைக் காட்டவே பயன்பட்டது. "கிணற்றில் இறங்கு" என்றால் கிணற்றுக்குள்ளே. "சந்தியில் இறங்கு" என்றால் சந்தியடியில். நீங்குவதைக் காட்ட வேறு துணை வேண்டியிருந்தது. எழுத்துத் தமிழ் ‘இருந்து’ என்பதை ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணப் பேச்சு ‘ஆல்’ உருபை எடுத்துக்கொண்டது. "பஸ்ஸாலை கைதடிச் சந்தியிலை இறங்கு" என்பதில் எதை விட்டு, எவ்விடத்தில் என்ற இரண்டும் குழம்பாமல் நிற்கின்றன. "பள்ளிக்கூடத்தாலை வந்திட்டான்" என்பதும் இதே கணக்கு. ஆகவே பேச்சில் பிழையே இல்லை. கட்டுரையிலும் பரீட்சையிலும் ‘இலிருந்து’ என்றே எழுதட்டும். அங்கே ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை, கருவிப்பொருள் தந்துவிடும்.

கேள்வி: ‘இறங்கல் செய்தி’ என்று பதாகைகளில் காண்கிறேன். சரியா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பிழை. ‘இரங்கல்’ என்பதே சரி. இரங்குதல் வருந்துதல், இடையின ரகரம். இறந்தவருக்காக எழுதுவதால் ‘இற’ நினைவுக்கு வந்து கை வழுக்கிவிடுகிறது போலும்.

இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போல. இறந்தகாலத்தில் குழப்பமில்லை: இறங்கினான், இறக்கினான், இறந்தான். எதிர்காலப் பெயரெச்சத்தில்தான் வில்லங்கம். ‘இறக்கும்’ என்றால் சாமானையும் இறக்கும், ஆளும் இறக்கும்! பெயர்ப்பலகையில் "இறக்கும் இடம்" என்று மட்டும் எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் திகைப்பார். "பொருள் இறக்குமிடம்" என்று எழுதுங்கள். ஆட்கள் தாமாகவே இறங்கும் இடம் ‘இறங்குதுறை’. குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்துகிறது.

கேள்வி: கொடியிறக்கத்தைச் சில கோயில் விஞ்ஞாபனங்களில் ‘துவஜாவரோகணம்’ என்று போடுகிறார்களே, இரண்டும் ஒன்றா?
– வாசகர், நல்லூர்

பதில்: ஒன்றுதான். துவஜம் கொடி, அவரோகணம் இறங்குதல். சங்கீதத்தில் ஸ்வரம் இறங்குவதற்கும் அதே சொல். நல்லூரில் 25ஆம் நாள் தீர்த்தம் முடிந்து மாலையில் நடப்பது அது. வடமொழி ‘அவ’ என்ற முன்னொட்டு கீழ்நோக்கி வருவதைக் காட்டும். ‘அவதாரம்’ என்பதிலும் அதுவே இருக்கிறது. நேர்ப்பொருள் ‘இறங்கி வருதல்’.